கருகிய வாசனை அடிக்கும் பீர்! "மூணாவது கிளாசிலேதான் ருசி தெரியும்!"

600 ஆண்டுக்கு மேலாக விறகுப் புகையை விடாத ஜெர்மனி ஊர்

கிளாஸ் வந்து மேஜையில் உட்காருகிறது. அரை லிட்டர். நல்ல கருஞ்சிவப்பு. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை.

வெளியூர்க்காரர் ஆசையோடு கையில் எடுக்கிறார். வாய்க்குக் கொண்டு போகிறார். பாதி வழியில் கை நின்று விடுகிறது.

"என்னப்பா இது? எங்கேயோ தீப்பிடிச்ச மாதிரி வாசனை வருதே!"

சிப்பந்தி சிரிக்கிறார். அவருக்கு இது தினசரி கேள்வி.

"தீ எங்கேயும் பிடிக்கலை ஐயா. வாசனை உங்க கிளாசிலேருந்துதான் வருது. தைரியமா குடிங்க!"

ஜெர்மனி நாட்டின் பவேரியா மாநிலத்தில் உள்ள பாம்பெர்க் நகரில் காலம் காலமாக நடக்கும் நாடகம் இது. முகம் சுளிக்காமல் முதல் மடக்கை விழுங்கிய வெளியூர்க்காரர்கள் குறைவு. முதல் கிளாசோடு எழுந்து போனவர்களும் உண்டு. உட்கார்ந்து மூன்றாவது கிளாஸ் கேட்டவர்களும் உண்டு.

அந்தப் பானத்தின் பெயர் "ராக்பீர்". ஜெர்மன் மொழியில் "ராக்" என்றால் புகை. புகை பீர்!

ஏழு குன்று ஊர்

பாம்பெர்க் பெரிய நகரம் அல்ல. நடுவில் ரெக்னிட்ஸ் என்ற ஆறு ஓடுகிறது. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். ஆற்றின் நடுவே திட்டில் பழைய நகரசபைக் கட்டிடம். குன்றின் மேல் பெரிய மாதா கோயில் போல நிற்கும் தேவாலயம். அதில் ஒரு சக்கரவர்த்தியின் கல்லறையும் ஒரு போப்பாண்டவரின் கல்லறையும் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பல நகரங்கள் குண்டு வீச்சில் தரைமட்டம் ஆயின. பாம்பெர்க் பெரும்பாலும் தப்பியது. பழைய தெருக்கள் அப்படியே இருப்பதால் 1993-ம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தேவாலயக் குன்றின் அடிவாரத்தில், குறுகலான தெருவில் ஒரு பழைய மதுக்கடை. பெயர் "ஷ்லெங்கர்லா". 1405-ம் ஆண்டு ஆவணத்திலேயே இந்தக் கடை பற்றிய குறிப்பு இருக்கிறது. கொலம்பஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பீர் ஊற்றிக் கொண்டிருந்தார்கள்!

கடையின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 19-ம் நூற்றாண்டில் இங்கே பீர் காய்ச்சிய ஒருவர், நடக்கும்போது கையை வீசி வீசி, கொஞ்சம் தள்ளாடியபடி நடப்பாராம். உள்ளூர் பேச்சில் அதற்கு "ஷ்லெங்கர்ன்" என்று பெயர். ஊர்க்காரர்கள் வைத்த பட்டப் பெயர் கடைக்கும் ஒட்டிக் கொண்டது. கடையின் சொந்தப் பெயரைச் சொன்னால் இன்று பலருக்குத் தெரியாது. பட்டப் பெயரைச் சொன்னால் உலகத்துக்கே தெரியும்.

புகை எங்கிருந்து வருகிறது?

பீரில் யாரும் புகையை ஊதிக் கலக்குவது இல்லை. சாயமோ எசன்சோ ஊற்றுவதும் இல்லை. விஷயம் தானியத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் குழந்தைக்குக் கொடுக்க, கேழ்வரகை ஊற வைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து மாவு செய்கிறார்கள் அல்லவா? பீருக்கும் முதல் வேலை அதேதான். கேழ்வரகுக்குப் பதில் பார்லி.

பார்லியைத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு பரப்பி, கிளறிக் கிளறி முளைக்க விடுகிறார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் சத்து உள்ளே உருவாகிறது. அந்த நேரம் பார்த்து முளையை நிறுத்தியாக வேண்டும். விட்டால் பார்லி செடியாகி விடும்!

நிறுத்துவது எப்படி? சூடு காட்டி உலர்த்த வேண்டும். உலர்ந்த முளைப் பார்லிக்குப் பெயர்தான் "மால்ட்".

இந்த உலர்த்தும் இடத்தில்தான் பாம்பெர்க் பீர் மற்ற பீரிலிருந்து பிரிகிறது.

மற்ற ஆலைகளில் சுத்தமான சூடான காற்றை அனுப்பி உலர்த்துகிறார்கள். ஷ்லெங்கர்லாவில் பீச் மரக் கட்டைகளைக் கீழே எரிக்கிறார்கள். மேலே சல்லடை போல் ஓட்டை உள்ள தளம். அதன் மேல் ஈர மால்ட் பரப்பியிருக்கும். சூடும் புகையும் சேர்ந்து தானியத்தின் வழியாக மேலே ஏறும். ஈரம் போகும். புகை தங்கி விடும்.

விறகு அடுப்பில் காய்ச்சிய பாலில் புகை வாசனை ஏறுவதில்லையா? அதே கதைதான். பால் வெளியே கொதிக்கும்போதே ஏறிய புகை, டம்ளருக்கு வந்த பிறகும் போகாது. அதுபோல உலர்த்தும்போது மால்ட்டில் ஏறிய புகை, அரைத்து, வேக வைத்து, வடிகட்டி, புளிக்க வைத்து, குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் கிடத்திய பிறகும் போவதில்லை.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம்!

முதன்முதலாகக் குடிக்கும் வெள்ளைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "இதில் பன்றி இறைச்சி வாசனை அடிக்கிறது!"

ஆனால் இந்த பீரில் இறைச்சி ஒரு துளியும் கிடையாது. தண்ணீர், மால்ட், "ஹாப்ஸ்" என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். அவ்வளவுதான்.

பிறகு இறைச்சி வாசனை ஏன்? ஐரோப்பாவில் பன்றி இறைச்சியை மரப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது பழைய வழக்கம். மரம் எரியும்போது குவையகால், சிரிங்கால் என்ற வாசனைப் பொருட்கள் புகையில் வருகின்றன. இறைச்சியில் ஏறுவதும் அதுதான். மால்ட்டில் ஏறுவதும் அதுதான். அங்கே மூக்குக்குப் பழகியது இறைச்சி. அதனால் பீரை முகர்ந்ததும் இறைச்சி ஞாபகம் வருகிறது. நம் ஊர்க்காரர் முகர்ந்தால் விறகு அடுப்பு ஞாபகம் வரலாம்!

கசப்பா, இனிப்பா?

ருசி எப்படி?

முதலில் மூக்கில் ஏறுவது புகை. கொஞ்சநஞ்சம் அல்ல. கிளாசை மேஜையில் வைத்தாலே போதும், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

முதல் மடக்கில் நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது. அடுப்பங்கரையில் வாயைத் திறந்து நின்ற மாதிரி இருக்கும். "காசை வீணாக்கிட்டோமோ?" என்று தோன்றும்.

இரண்டாவது கிளாசில் கொஞ்சம் வெளிச்சம் வரும். புகைக்குப் பின்னால் ஏதோ இனிப்பு ஒளிந்திருப்பது தெரியும். வறுத்த தானியத்தின் இனிப்பு. ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்தால் வருமே, அந்த ருசி.

மூன்றாவது கிளாசில் புகை பின்னால் போய்விடும். மால்ட்டின் இனிப்பு முன்னால் வரும். கடைசியில் ஹாப்ஸ் கசப்பு நாக்கைத் துடைத்து விட்டுப் போகும். அப்போதுதான் ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்.

"இப்ப தெரியுதா ஐயா?" என்பார் சிப்பந்தி.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதற்குப் பழகி விடும். விறகு அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரருக்கு அந்தப் புகை வாசனை தெரிவது இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தெரியும். அதே போல, புகைக்கு மூக்கு பழகிய பிறகுதான் அதன் பின்னால் இருப்பது நாக்குக்குப் புரிகிறது.

அதற்காக அள்ளிக் குடிக்கலாம் என்று அர்த்தம் அல்ல. இதில் ஆல்கஹால் 5.1 சதவீதம். மூன்று கிளாஸ் என்றால் ஒன்றரை லிட்டர்! பாம்பெர்க்கில் விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக உட்கார்ந்து, சாப்பாட்டோடு சேர்த்து, மணிக்கணக்கில் குடிக்கிறார்கள். பெரிய வெங்காயத்தைக் குடைந்து, உள்ளே கொத்துக்கறி வைத்து வேக வைத்து, அதன் மேல் புகை பீர் குழம்பை ஊற்றிக் கொடுப்பது அந்த ஊரின் பேர் போன பதார்த்தம்.

கடையில் பீர் வருவது குழாயில் அல்ல, மரப் பீப்பாயில். பீப்பாயைத் தூக்கி மேடையில் வைத்து, திருகைத் திறந்தால் தானாகவே கிளாசில் இறங்கும். காஸ் அடித்துத் தள்ளும் வேலை கிடையாது.

இன்னொரு வேடிக்கை. இதே ஆலையில் புகை போடாத மால்ட்டில் வெளிர் பீர் ஒன்றும் தயார் ஆகிறது. ஆனால் அதே அண்டா, அதே ஈஸ்ட். அதனால் அதிலும் லேசாகப் புகை வாசனை ஒட்டிக் கொள்கிறது! கிறிஸ்துமஸ் காலத்துக்கு என்று தனியாக ஒரு பீர் உண்டு. அதற்குப் பீச் விறகு கிடையாது, ஓக் விறகு. ஆல்கஹால் 8 சதவீதம். புகை கொஞ்சம் சாதுவாக இருக்கும். சரக்கு சாது அல்ல!

தீ விபத்துக் கதை

புகை பீர் பிறந்த விதம் பற்றி பாம்பெர்க்கில் ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு காலத்தில் ஒரு மடத்து பீர் ஆலையில் தீப்பிடித்ததாம். குவித்து வைத்த மால்ட் முழுக்கப் புகை ஏறிவிட்டதாம். தூக்கி எறியக் காசு இல்லாத ஏழை பீர்க்காரர், "வந்தது வரட்டும்" என்று அதையே காய்ச்சி விற்றாராம். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதாம்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அதைவிடப் பெரியது.

புகை பீரை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நெருப்பு மூட்டி மால்ட் உலர்த்திய இடங்களில் எல்லாம் பீரில் கொஞ்சமாவது புகை இருந்தது! வெயில் காயும் நாட்களில் வெயிலில் உலர்த்தலாம். மழையும் பனியும் உள்ள குளிர் நாட்டில் நெருப்புதான் கதி. நெருப்பு என்றால் விறகு. விறகு என்றால் புகை.

அதாவது, இன்று "இது என்ன விபரீத பீர்?" என்று கேட்கிறவரின் கொள்ளுப்பாட்டனாருக்குப் பாட்டனார் குடித்தது இதைத்தான். விபரீதம் என்றால், புகை இல்லாத பீர்தான் அந்தக் காலத்தில் விபரீதம்.

கைத்தடிக்குள் களவு!

புகையை விரட்டும் வேலை இங்கிலாந்தில் தொடங்கியது. 1635-ம் ஆண்டு நிக்கோலஸ் ஹால்ஸ் என்பவர், புகை படாமல் மால்ட் உலர்த்தும் சூளைக்கு உரிமை வாங்கினார். நெருப்பு ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம். சூடு மட்டும் வரும், புகை வராது. புகை அதிகம் கக்காத கல்கரி எரிபொருளும் வந்தது.

200 ஆண்டு கழித்து ஜெர்மன்காரர்கள் விழித்துக் கொண்டார்கள். 1833-ம் ஆண்டு மியூனிக் நகரைச் சேர்ந்த காப்ரியேல் செட்ல்மயர், வியன்னா பக்கத்தைச் சேர்ந்த ஆன்டன் டிரேஹர் என்ற இரண்டு பீர் ஆலை வாரிசுகள் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தொழில் ரகசியம் பார்க்க!

ஆலைகளைச் சுற்றிப் பார்க்கும்போது அவர்கள் கையில் ஒரு கைத்தடி. உள்ளே குழாய், அடியில் ரகசியத் திறப்பு. யாரும் பார்க்காத சமயம் தொட்டியில் தடியை விட்டு, பீர்ச் சாற்றை உள்ளே ஏற்றிக் கொள்வார்கள். விடுதிக்கு வந்து அளந்து பார்ப்பார்கள்!

ஊர் திரும்பியதும் புது முறைகள் பரவின. 1842-ம் ஆண்டு பொஹிமியாவில் உள்ள பில்சன் நகரில் பொன்னிற பீர் ஒன்று பிறந்தது. இங்கிலாந்து பாணி சூளையில் உலர்த்திய வெளிர் மால்ட். புகை இல்லை. கண்ணாடி கிளாசில் ஊற்றினால் தங்கம் மாதிரி மின்னியது. உலகம் அதன் பின்னால் ஓடியது. இன்று உலகத்தில் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும் மஞ்சள் நிற பீர் எல்லாம் அந்தப் பரம்பரைதான்.

விறகு அடுப்பு சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மிஞ்சியது இரண்டு வீடு

பாம்பெர்க்கிலும் அணைந்தன. மற்ற பீர்க்காரர்கள் புது முறைக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விறகு வாங்க வேண்டாம், ராத்திரி பகலாக நெருப்பைப் பார்த்துக் கொண்டு நிற்க வேண்டாம். மால்ட்டை வெளியில் மூட்டையாக வாங்கினால் போதும். வாடிக்கைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

மாறாமல் நின்றவர்கள் இரண்டு பேர்.

ஒன்று ஷ்லெங்கர்லா. ஆறு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில் உள்ள "ஷ்பெட்சியால்". 1536-ம் ஆண்டிலிருந்து பெயர் அடிபடும் கடை. இங்கேயும் சொந்த மால்ட் சூளை, சொந்தப் புகை. ஆனால் ருசி மிதம். ஷ்லெங்கர்லா அடித்துச் சொல்லும். ஷ்பெட்சியால் காதோடு சொல்லும். பழக்கம் இல்லாதவர்கள் முதலில் ஷ்பெட்சியாலில் ஆரம்பிப்பது நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு.

இரண்டு வீடும் ஒரே ஊரில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு தலைமுறையில், "நமக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று இரண்டு பேரும் அடுப்பை அணைத்திருந்தால், பாம்பெர்க் புகை பீர் இன்று அருங்காட்சியகத்தில் ஒரு அட்டையாக இருந்திருக்கும்.

அணைந்தால் என்ன ஆகும்?

அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு போலந்து நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

அங்கே க்ரோஜிஸ்க் என்ற ஊரில், ஓக் மரப் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் ஒரு பீர் செய்தார்கள். லேசான பீர். வெளிர் நிறம். நுரை பொங்கும். பல நூற்றாண்டு கண்ட பானம். பல பீர் ஆலைகள் இருந்த ஊரில் கடைசியில் ஒன்று மிஞ்சியது. 1993-ம் ஆண்டு அதுவும் நின்றது.

ஆலை நின்றதும் ருசியும் நின்றது. பிறகு ஆசைப்பட்டவர்கள் பழைய குறிப்புகளைத் தேடினார்கள். பழைய ஈஸ்ட்டைத் தேடினார்கள். 2015-ம் ஆண்டுதான் அந்த ஊர் ஆலையில் அந்த பீர் மறுபடி வந்தது. 22 ஆண்டு இடைவெளி!

அடுப்பு அணைய ஒரு நாள் போதும். மறுபடி மூட்ட ஒரு தலைமுறை ஆகிறது.

மீன் கூடத்தில் மால்ட்!

உலகம் தூக்கி எறிந்ததை உலகமே தேடி வரும் காலமும் வந்தது.

அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் ஒரே மாதிரி பீர் சலித்துப் போய், சின்னச் சின்ன ஆலைகள் தலையெடுத்த நேரம். அலாஸ்கா மாநிலத்தில் ஜூனோ என்ற ஊர். அங்கே சால்மன் மீனைப் புகையில் பதப்படுத்துவது பெரிய தொழில். உள்ளூர் சின்ன பீர் ஆலை ஒன்றுக்கு யோசனை வந்தது. மீனுக்குப் போடும் புகையை மால்ட்டுக்குப் போட்டால் என்ன?

மீன் புகைக்கும் கூடத்திலேயே, ஆல்டர் மரப் புகையில் மால்ட்டை உலர்த்தினார்கள். 1988-ம் ஆண்டு கருப்பு நிற "புகை போர்ட்டர்" பிறந்தது. பரிசுகளை அள்ளியது. அதைப் பார்த்து அமெரிக்காவில் பலர் புகை பீரில் இறங்கினார்கள்.

அவர்களில் பலருக்கு மால்ட் எங்கிருந்து போகிறது? அதே பாம்பெர்க்கிலிருந்து! 1879-ம் ஆண்டு தொடங்கிய வயர்மன் என்ற மால்ட் ஆலை அங்கே இருக்கிறது. பீச் மரப் புகை போட்ட மால்ட்டை மூட்டை மூட்டையாக உலகம் முழுக்க அனுப்புகிறது. டோக்கியோவிலும் சாவ் பாவ்லோவிலும் உள்ள பீர்க்காரர் விறகு உடைக்காமலே புகை பீர் காய்ச்சலாம்.

அழியும் உணவுகளைக் காக்கப் பாடுபடும் "ஸ்லோ புட்" இயக்கம், பாம்பெர்க் புகை பீரையும் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

விறகு அடுப்பின் மதிப்பு

காஸ் அடுப்பு வந்தபோது விறகு அடுப்பை வீட்டை விட்டுத் துரத்தினோம். கண் எரிச்சல் போயிற்று, கரி போயிற்று, நல்லதுதான். இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் "விறகு அடுப்பில் சமைத்தது" என்று போர்டு வைத்தால் காரை நிறுத்திச் சாப்பிடுகிறோம். துரத்தியபோது புகையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது என்று இப்போதுதான் நாக்குக்குத் தெரிகிறது.

பாம்பெர்க்கின் இரண்டு குடும்பங்களுக்கு அது முன்னாலேயே தெரிந்திருந்தது. ஊரே மாறியபோதும், வெளியூர்க்காரர் முகம் சுளித்தபோதும், "கொஞ்சம் புகையைக் குறைச்சா வியாபாரம் கூடுமே!" என்று அவர்கள் இறங்கிப் போகவில்லை. பீரை மாற்றவில்லை. மூக்கு பழகட்டும் என்று காத்திருந்தார்கள்.

அதோ, முதல் கிளாசைப் பாதியில் நிறுத்திய அந்த வெளியூர்க்காரர் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறார். தட்டில் வெங்காயம் காலி. எதிரே காலி கிளாஸ் இரண்டு.

சிப்பந்தியைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார்.

"இன்னும் ஒண்ணு கொண்டா அப்பா! ... ஆமா, அந்த வாசனை எங்கே போச்சு?"

"அது போகலை ஐயா. நீங்க வந்துட்டீங்க!"